ஐந்து விநாடிக்கு எத்தனை பிக்சல் வேண்டும்? ஆன்லைன் ஸ்லைடு ஷோவில் படத்தின் அளவும் தரமும்

பெரியம்மா மகன் கல்யாணத்துக்குப் பாட்டியால் வர முடியவில்லை. முழங்கால் வலி. ஒட்டன்சத்திரத்திலிருந்து மதுரை வரை காரில் உட்கார்ந்து போக வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கல்யாணம் முடிந்த பத்தாம் நாள், ஸ்டூடியோக்காரர் பென்டிரைவில் கொடுத்த படங்களிலிருந்து இருநூறைப் பொறுக்கி, ஆன்லைனில் ஏற்றி, ஸ்லைடு ஷோவாக்கி, பாட்டி வீட்டு டிவியில் போட்டேன். மாப்பிள்ளை அழைப்பின் முதல் படம் மேலிருந்து கீழாகப் பட்டை பட்டையாக இறங்கியது. கழுத்து வரை வருவதற்குள் அடுத்த படத்தின் முறை வந்துவிட்டது. அதுவும் அப்படியே. பிறகு வட்டம் சுற்றத் தொடங்கியது. பாட்டி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தார். கால்மணி நேரத்தில் முழுதாகப் பார்த்த படங்கள் பத்துகூட இருக்காது.

அந்தப் படங்கள் எதிலும் குறையில்லை. நல்ல கேமராவில், நல்ல கையால் எடுத்தவை. அவற்றை அப்படியே தூக்கி ஏற்றியதுதான் தவறு. ஸ்லைடு ஷோவில் ஒரு படத்துக்குக் கிடைப்பது நான்கைந்து விநாடி. அதற்குள் வந்து சேராத படம் எத்தனை தெளிவாக இருந்தும் பயனில்லை. நேரத்துக்கு வந்து சேர்வதும் தரத்தில் ஒரு பங்கு என்பதை அன்று இரவு கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் புரிந்துகொண்டேன். அந்தக் கணக்கை இங்கே முதலிலிருந்து சொல்கிறேன். கூட்டல் பெருக்கல் தெரிந்தால் போதும்.

‘சைஸ்’ என்றால் எந்த சைஸ்?

“போட்டோ என்ன சைஸ்?” என்று மூன்று இடத்தில் கேட்டால் மூன்று விதமான பதில் வரும். ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் சைஸ், மேக்ஸி சைஸ், 8-க்கு 12 என்பார்கள். அது தாளின் கணக்கு. அரசுத் தேர்வுக்கு விண்ணப்பம் போட பிரவுசிங் சென்டருக்குப் போனால், 20 கேபிக்கு மேல் 50 கேபிக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். அது ஃபைலின் கணக்கு. கேமரா கடையில் 24 மெகாபிக்சல் என்பார்கள். அது புள்ளிகளின் கணக்கு. மூன்றுக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்துவதால்தான் ஸ்லைடு ஷோ போடுகிறவர்கள் பாதிப் பேர் குழம்புகிறார்கள். இந்தக் கட்டுரையில் மூன்றையும் பிரித்தே பேசுவேன்: பிக்சல் அளவு, திரையில் தெரியும் அளவு, ஃபைலின் எடை.

பிக்சல் என்பது ஒரே ஒரு நிறம் கொண்ட குட்டிப் புள்ளி. கல்யாணப் படம் ஒன்றைத் திறந்து அதன் விவரத்தைப் பார்த்தேன். 6000-க்கு 4000 என்று இருந்தது. அதாவது குறுக்கே 6000 புள்ளி, நெடுக்கே 4000 புள்ளி. பெருக்கினால் 2 கோடியே 40 லட்சம். இதைத்தான் 24 மெகாபிக்சல் என்கிறார்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண். எண்ணுக்கு ஒரு பைட். எதையும் சுருக்காமல் எழுதி வைத்தால் ஒரு படத்துக்கு 72 எம்பி ஆகும். கேமரா அதை ஜேபெக் முறையில் சுருக்கி ஏறத்தாழ 10 எம்பி ஆக்கித் தந்திருந்தது.

இனி பாட்டி வீட்டு டிவிக்கு வருவோம். அது முழு எச்டி டிவி: குறுக்கே 1920 புள்ளி, நெடுக்கே 1080 புள்ளி. நம் படத்தின் அகலமும் உயரமும் 3-க்கு 2 என்ற விகிதத்தில் இருக்கின்றன. படம் வெட்டுப்படாமல் திரைக்குள் அடங்க வேண்டுமானால் உயரம் 1080-ஐத் தாண்டக் கூடாது. அப்போது அகலம் 1620 ஆகும். பெருக்கிப் பாருங்கள்: 17 லட்சத்து 49 ஆயிரத்து 600 புள்ளி. ஆக, இணையம் வழியாக இழுத்து வந்த 2 கோடியே 40 லட்சம் புள்ளிகளில் திரையில் காட்ட முடிந்தது ஏறத்தாழ 14-ல் ஒரு பங்குதான். மிச்சத்தையெல்லாம் டிவி தானே சுருக்கிக் கழித்துவிட்டது. கழிப்பதற்கு முன்பு முழுதையும் வரவழைக்க வேண்டியிருந்ததே, அங்கேதான் நேரம் போனது.

நின்ற வாக்கில் எடுத்த படம் என்றால் நிலைமை இன்னும் விசித்திரம். மணமக்கள் தலை முதல் கால் வரை தெரியும் படம் 4000-க்கு 6000. அது அதே டிவியில் 720-க்கு 1080 ஆகத்தான் தெரியும். 8 லட்சம் புள்ளிகூட இல்லை. போனில் இதற்கு நேர்மாறு. 1080 புள்ளி அகலம் உள்ள போனை நிமிர்த்திப் பிடித்திருக்கும்போது கிடைவாக்குப் படம் 1080-க்கு 720 ஆகச் சிறுத்துவிடும்.

நேரக் கணக்கு இது. இணைய வேகத்தை பிட்டில் சொல்வார்கள், ஃபைலை பைட்டில் சொல்வார்கள். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். சுமாரான இணைப்பு, விநாடிக்கு 4 மெகாபிட் என்று வைத்துக்கொள்வோம். 10 எம்பி படம் என்பது 80 மெகாபிட். 4-ஆல் வகுத்தால் 20 விநாடி. ஸ்லைடு மாறுவதோ 5 விநாடிக்கு ஒருமுறை! அதே படத்தை 400 கேபிக்குக் கொண்டுவந்தால் 3.2 மெகாபிட், ஒரு விநாடிக்குள் வந்துவிடும். மொத்தமாகப் பார்த்தாலும் 200 படம் பெருக்கல் 10 எம்பி என்றால் 2 ஜிபி. நம் ஊரில் பல போன்களில் ஒரு நாள் டேட்டா முழுதும் அதிலேயே தீர்ந்துவிடும். படம் பார்க்கச் சொல்லி லிங்க் அனுப்பிய நாமே சித்தியின் அன்றைய டேட்டாவைக் காலி செய்கிறோம் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

எவ்வளவுக்குச் சுருக்குவது?

நான் வைத்துக்கொண்ட விதி: நீளமான பக்கம் 2048 பிக்சல். கிடைவாக்குப் படம் என்றால் 2048-க்கு 1365. நின்ற படம் என்றால் 1365-க்கு 2048. முழு எச்டி திரைக்கு இது தாராளம். போனில் விரலால் இழுத்துப் பெரிதாக்கிப் பார்த்தாலும் உடனே மங்காது. 4கே டிவியை முழுதாக நிரப்ப இதே விகிதப் படத்துக்கு 3240-க்கு 2160 வேண்டும் என்பது உண்மை. ஆனால் கூடத்தில் எட்டடி தள்ளி உட்கார்ந்து, ஐந்து விநாடிக்கு ஒன்றாகப் பார்க்கிறவர்களுக்காக எடையை இரண்டு மடங்குக்கு மேல் ஏற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு கண்காட்சிக்காக, பெரிய திரையில், நிதானமாகக் காட்டப்போகிறீர்கள் என்றால் அது வேறு.

சுருக்கும்போது புதிதாக வருகிறவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. அகலத்தையும் உயரத்தையும் பாதியாக்கினால் புள்ளிகள் பாதியாகாது, காலாகும். 6000-க்கு 4000 என்பது 3000-க்கு 2000 ஆனால், 240 லட்சம் 60 லட்சமாகிறது. ‘50 சதவீதம்’ என்று போட்டுவிட்டு ஏன் இவ்வளவு குறைந்தது என்று திகைக்க வேண்டாம்.

எதிர்த்திசையில் போக முடியாது. 800-க்கு 600 படத்தை 1440-க்கு 1080 ஆக விரித்தால், இல்லாத புள்ளிகளைக் கணினி பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து ஊகித்து நிரப்பும். முகம் மெழுகில் செய்தது போல் வழவழப்பாகும், அல்லது மங்கும். உறவினர்கள் அனுப்பிய சின்னப் படங்களை அவற்றின் அளவிலேயே, சுற்றிலும் இடம் விட்டுக் காட்டுவது மேல். அளவு மாற்றும் மென்பொருள்கள் பலவற்றில் ‘சிறிய படங்களைப் பெரிதாக்காதே’ என்ற தேர்வு இருக்கும். அதை டிக் செய்துகொள்ளுங்கள்.

ஒவ்வொன்றாகத் திறந்து சுருக்கத் தேவையில்லை. விண்டோஸில் இர்ஃபான்வியூ என்ற இலவச மென்பொருளில் ‘பேட்ச் கன்வர்ஷன்’ என்ற வசதி உண்டு. ஃபோல்டர் முழுவதையும் கொடுத்து, நீளப் பக்கம் 2048 என்று சொன்னால், நீங்கள் டீ குடித்து வருவதற்குள் முடித்து வைத்திருக்கும். சுருக்கிய படம் சற்றே மழுங்கித் தெரியும் என்பதால் லேசாகக் கூர்மை சேர்ப்பது வழக்கம். லேசாக மட்டும். அதிகமானால் முடியைச் சுற்றி வெள்ளைக் கோடு விழும். எல்லாவற்றுக்கும் முன்னால், மூலப்படங்களைத் தனி ஃபோல்டரில், முடிந்தால் தனி ஹார்டு டிஸ்கிலும், தொடாமல் வையுங்கள். சுருக்குவதெல்லாம் நகலில்தான்.

டிபிஐ பற்றியும் கேட்பார்கள். “வெப்புக்கு 72 டிபிஐ வேண்டும், 300 இருந்தால் கனமாகிவிடும்” என்று எங்கோ படித்திருப்பார்கள். 1984-ல் வந்த முதல் மெக்கின்டாஷ் கணினியின் திரையில் அங்குலத்துக்கு 72 புள்ளி இருந்தது. அந்த எண் இன்னும் ஒட்டிக்கொண்டு அலைகிறது. டிபிஐ என்பது, தாளில் அச்சிட்டால் ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளி வைக்கலாம் என்று ஃபைலுக்குள் எழுதிய குறிப்பு மட்டுமே. 2048-க்கு 1365 படத்தில் அந்தக் குறிப்பை 72 என்று எழுதினாலும் 300 என்று எழுதினாலும் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும். ஃபைலின் எடையும் மாறாது. அதற்கு உண்மையான வேலை ஸ்கேன் செய்யும்போது இருக்கிறது. தாத்தா பாட்டியின் பழைய கறுப்பு வெள்ளைப் படம், 4-க்கு 6 அங்குலம், வைத்திருக்கிறீர்கள் என்றால் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் 2400-க்கு 3600 புள்ளி கிடைக்கும். 100-ல் செய்தால் 400-க்கு 600. முதலாவது எந்தத் திரைக்கும் போதும், இரண்டாவது எதற்கும் போதாது.

தரம் 80 என்றால் என்ன?

படத்தை ஜேபெக்காகச் சேமிக்கும்போது ‘குவாலிட்டி’ என்று ஒரு நகரும் பொத்தான் வரும். 0 முதல் 100 வரை. இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஜேபெக் முதலில் படத்தை வெளிச்சம் ஒரு பக்கம், நிறம் ஒரு பக்கம் என்று பிரிக்கும். நம் கண் வெளிச்ச வேறுபாட்டை நுணுக்கமாகப் பார்க்கும், நிறத்தை அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்காது. அதனால் பெரும்பாலான மென்பொருள்கள் நிறத்தின் விவரத்தை இரு பக்கமும் பாதியாக்கி, கால் பங்காக வைத்துக்கொள்ளும். அடுத்து, கோலத்துக்குக் கட்டம் போடுவது போலப் படத்தை 8-க்கு 8 கட்டங்களாகப் பிரிக்கும். ஒரு கட்டத்தில் 64 புள்ளி, ஆகவே 64 எண். அந்த எண்களை வேறு 64 எண்களாக மாற்றி எழுதும். முதல் எண் அந்தக் கட்டத்தின் சராசரி. அடுத்து வருபவை கட்டத்துக்குள் மெதுவாக ஏறி இறங்கும் சாயல்கள். கடைசியில் வருபவை மிக மெல்லிய கோடுகளும் சொரசொரப்பும். மாற்றி எழுதியதால் மட்டும் சொல்லும்படியாக எதுவும் தொலைந்துவிடாது.

தொலைப்பது அதற்குப் பிந்தைய படி. மளிகைக் கடையில் 47 ரூபாய் 30 பைசாவை 47 என்று வாங்கிக்கொள்வார்கள் அல்லவா, அது போல ஒவ்வோர் எண்ணையும் ரவுண்டு செய்துவிடும். தரம் 95 என்றால் பைசாவை மட்டும் விடுவது போல. 50 என்றால் பத்து ரூபாய்க்குக் கீழே உள்ளதையெல்லாம் விடுவது போல. அதிலும் எல்லா எண்ணுக்கும் ஒரே தாராளம் கிடையாது. சராசரியை ஓரளவு கவனமாக ரவுண்டு செய்யும், நுணுக்கங்களைக் காட்டும் கடைசி எண்களை நூற்றுக்கணக்கில் ரவுண்டு செய்யும். அவை பெரும்பாலும் பூஜ்யமாகிவிடும். வரிசையாக நிற்கும் பூஜ்யங்களை எழுதி வைக்க இடமே தேவையில்லை. படம் இலேசாவது இப்படித்தான். தரம் என்ற எண் சொல்வது எவ்வளவு தாராளமாக ரவுண்டு செய்யலாம் என்பதைத்தான். அது சதவீதம் இல்லை. 100 வைத்தாலும் சிறிது ரவுண்டு ஆகும். ஒரு மென்பொருளின் 80-ம் இன்னொன்றின் 80-ம் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. போட்டோஷாப்பில் ஜேபெக்காகச் சேமிக்கும்போது அளவுகோலே 12 வரைதான்.

எண்களை மாற்றி எழுதும் அந்தக் கணித முறையை 1974 ஜனவரியில் வெளியான ஒரு கட்டுரையில் உலகுக்குச் சொன்னவர்கள் மூவர்: நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ். நசீர் அகமது பெங்களூரில் பிறந்து அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர். நடராஜன் அவரிடம் ஆய்வு செய்த மாணவர். 1972-ல் இந்த யோசனையை ஆராய அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நசீர் அகமது நிதி கேட்டார், கிடைக்கவில்லை. விடாமல் செய்து முடித்தார்கள். 1992-ல் ஜேபெக் தரநிலையாக வந்தபோது அதன் நடுநாயகமாக இந்த முறை இருந்தது. நாம் பார்க்கும் ஒவ்வொரு கல்யாணப் படத்துக்குள்ளும் இந்த மூவரின் உழைப்பு இருக்கிறது என்பது எனக்கு இன்றும் நெகிழ்ச்சி தருகிற விஷயம்.

சரி, எந்த எண்ணை வைப்பது? 100-லிருந்து 90-க்கு இறக்கினாலே ஃபைல் பெரும்பாலும் பாதிக்கும் கீழே போய்விடும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. 80 வரை இறங்கினாலும் ஸ்லைடு ஷோவில் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். 60-ஐ நெருங்கும்போது கவனமாக இருக்க வேண்டும். 2048 பிக்சல் நீளமும் 80 தரமும் வைத்தபோது என் படங்கள் பெரும்பாலும் 300 முதல் 700 கேபிக்குள் வந்தன. பட்டுப்புடவை நிறைந்த கூட்டப் படம் கனமாக வரும், வெறும் சுவர் முன்னால் எடுத்த படம் இலேசாக வரும். எல்லாப் படமும் ஒரே எடையில் வர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் புடவைக்குத்தான் நட்டம்.

எண்ணை நம்புவதைவிடக் கண்ணை நம்புங்கள். அதற்கு மூன்று படங்களைச் சோதனைக்கு எடுத்துக்கொள்வேன். முதலாவது, அரக்குச் சிவப்புப் பட்டில் ஜரிகைக் கரை தெரியும் படம். நிறத்தைக் கால் பங்காக்கும் வேலை முதலில் காட்டிக்கொடுப்பது இங்கேதான்; சிவப்பும் பச்சையும் சந்திக்கும் கரையில் நிறம் கசிந்தது போலிருக்கும். இரண்டாவது, மாலை நேர வானமோ, குத்துவிளக்கு வெளிச்சம் மெல்ல இருட்டில் கரையும் பின்னணியோ உள்ள படம். தரம் குறைந்தால் அந்த மெல்லிய சாயல் படிப்படியாகத் தெரியும், கட்டம் கட்டமாகவும் தெரியும். மூன்றாவது, மண்டப வாசலில் பெயர் எழுதிய ஃப்ளெக்ஸ் போர்டு. எழுத்தைச் சுற்றிக் கொசு மொய்ப்பது போன்ற அழுக்கு வந்தால் தரம் போதவில்லை. இந்த மூன்றையும் 90, 80, 70, 60 என்று நான்கு விதமாகச் சேமித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஸ்குவூஷ் என்ற இலவச இணையக் கருவியில் ஒரே படத்தின் இரண்டு தரங்களை நடுக்கோட்டை நகர்த்தி ஒப்பிடலாம், எடையும் கீழே தெரியும். எந்த இடத்தில் உங்கள் கண் உறுத்துகிறதோ, அதற்கு ஒரு படி மேலே நில்லுங்கள்.

இன்னொன்று: ஜேபெக்கைத் திறந்து, திருத்தி, மறுபடி ஜேபெக்காகச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் ரவுண்டு செய்வது மறுபடி நடக்கும். இன்று வெட்டி, நாளை வெளிச்சம் கூட்டி, மறுநாள் பெயர் எழுதி என்று நான்கு முறை சேமித்தால் நான்கு முறை தேய்மானம். திருத்தத்தையெல்லாம் மூலத்தில் முடித்துவிட்டு, கடைசியில் ஒரே ஒருமுறை நகல் எடுங்கள்.

வகைகளைப் பற்றிச் சுருக்கமாக. புகைப்படத்துக்கு ஜேபெக் போதும். பிஎன்ஜி எதையும் இழக்காது, ஆனால் புகைப்படத்தில் பல மடங்கு கனக்கும்; லோகோவுக்கும் ஸ்கிரீன்ஷாட்டுக்கும் அது பொருத்தம். ஐபோன் 2017 முதல் எடுக்கும் எச்இஐசி வகைப் படங்களைப் பல பிரவுசர்கள் திறக்காது என்பதால் மாற்றிவிட்டு ஏற்றுங்கள். கூகுள் 2010-ல் அறிமுகப்படுத்திய வெப்பி, பிறகு வந்த ஏவிஐஎஃப் இரண்டும் அதே தரத்தில் ஜேபெக்கைவிட இலேசானவை. சொந்த வலைத்தளம் வைத்திருப்பவர்கள் முயன்று பார்க்கலாம். சேமிக்கும்போது நிற வகை, திரைகளுக்குப் பொதுவான எஸ்ஆர்ஜிபி என்று இருக்கட்டும். ஸ்டூடியோக்காரர்கள் அச்சுக்காக அடோபி ஆர்ஜிபியில் கொடுத்திருந்தால், சில இடங்களில் மஞ்சள் தேய்த்த முகம்கூட வெளிறித் தெரியும்.

வெட்டுவதா, அடக்குவதா?

பிக்சலும் தரமும் சரியாக இருந்தும் ஸ்லைடு ஷோ கெட்டுப்போவது இன்னோர் இடத்தில். படமும் சட்டமும் பொருந்தாத இடம் அது. திரை 16-க்கு 9. கேமராப் படம் 3-க்கு 2. போன் படம் பெரும்பாலும் 4-க்கு 3. நின்ற படமோ நேர் எதிர். ஸ்லைடு ஷோ செய்யும் செயலிகள் இதைச் சமாளிக்க இரண்டு வழி வைத்திருக்கின்றன. ஒன்று ‘ஃபிட்’: படம் முழுதும் தெரியும், மிச்ச இடம் கறுப்பாக இருக்கும். மற்றொன்று ‘ஃபில்’: திரை முழுதும் நிறையும், மிச்சப் படம் வெட்டுப்படும். வலைப்பக்கம் எழுதுகிறவர்கள் இதையே ஆப்ஜெக்ட்-ஃபிட் என்ற விதியில் ‘கன்டெய்ன்’, ‘கவர்’ என்று கொடுப்பார்கள்.

பல இடங்களில் நாம் கேட்காமலே ‘ஃபில்’ இருக்கும். பார்க்கப் பகட்டாகவும் இருக்கும். ஆனால் கணக்கைப் பாருங்கள். கிடைவாக்குப் படம் 1920 அகலத்துக்கு விரியும்போது உயரம் 1280 ஆகும். திரை கொள்வது 1080. மேலும் கீழுமாக 200 புள்ளி போகும். பின்வரிசையில் நின்ற உயரமான மாமாவின் நெற்றி போனது இப்படித்தான். நின்ற படத்தில் இது பேரிழப்பு. 1920 அகலத்துக்கு விரிந்தால் உயரம் 2880 ஆகும். அதில் 1080 மட்டும் தெரியும். எட்டில் மூன்று பங்கு! நடுப்பகுதியைக் காட்டும் வழக்கப்படி மாலையும் கையும் தெரியும், இருவர் முகமும் தெரியாது.

குடும்பப் படங்களுக்கு ‘ஃபிட்’ என்றே வையுங்கள். ஆல்பத்தில் தன் முகத்தைத் தேடுகிறவர்கள்தான் பார்க்கப்போகிறார்கள். கறுப்பு ஓரம் யாருக்கும் உறுத்தாது; உறுத்தினால் அதே படத்தின் மங்கிய நகலைப் பின்னணியாக வைக்கும் வசதி சில செயலிகளில் உண்டு. நின்ற படங்கள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு ஸ்லைடு ஆக்குவது இன்னும் அழகு. படம் மெல்ல நெருங்கிவருவது போன்ற அசைவு வேண்டுமென்றால், நெருங்கும் அளவுக்கு ஏற்பக் கூடுதல் பிக்சல் தேவை என்பதை நினைவில் வையுங்கள். 1.25 மடங்கு நெருங்கும் படத்துக்கு, உயரம் 1080 தெரியும் இடத்தில் 1350 வேண்டும். 2048 நீளக் கிடைவாக்குப் படத்தில் 1365 இருப்பதால் அது சரியாகத் தாங்கும்.

ஏற்றும் இடத்தில் நடப்பது

நீங்கள் எவ்வளவு பார்த்துப் பார்த்துச் சுருக்கினாலும், ஏற்றுகிற தளம் தன் பங்குக்கு மறுபடி சுருக்கலாம். கூகுள் போட்டோஸில் ‘ஸ்டோரேஜ் சேவர்’ என்ற தேர்வு இருந்தால் 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்டவை அந்த அளவுக்குக் குறையும். நம் 2048 படம் 3 மெகாபிக்சல்கூட இல்லை, அதனால் பிக்சல் குறையாது, ரவுண்டு மட்டும் மறுபடி ஆகலாம். இன்ஸ்டாகிராமில் நெடுங்காலமாக 1080 அகலம்தான் கணக்கு. இப்படி மறுபடி சுருக்கும் தளங்களுக்கு 80-க்குப் பதில் 90 தரத்தில் கொடுங்கள். இரண்டாம் ரவுண்டைத் தாங்க அது உதவும். சொந்தத் தளத்துக்கு 80 போதும்.

உறவினர்களிடமிருந்து படம் சேகரிக்கும்போது வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பச் சொன்னால் சுருங்கித்தான் வரும். 2023-ல் எச்டி என்ற தேர்வு வந்தது, அது பரவாயில்லை. ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொன்னால் மூலம் அப்படியே வரும். பெரியவர்களுக்கு இதைப் போனில் ஒருமுறை நிதானமாகச் சொல்லிக்கொடுத்தால் போதும், கற்றுக்கொள்கிறார்கள். அப்படி வந்த மூலத்தில் எடுத்த இடத்தின் விவரமும் ஒட்டிக்கொண்டிருக்கலாம். பொதுவில் போடும் நகலில் அதை நீக்கிவிடுங்கள். வீட்டு வாசல் எங்கே என்று ஊருக்கெல்லாம் தெரிய வேண்டியதில்லை.

சொந்த வலைத்தளத்தில் ஸ்லைடு ஷோ வைப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு வழி இருக்கிறது. ஒரே படத்தை 800, 1400, 2048 என்று மூன்று அகலத்தில் வைத்து, எது வேண்டுமோ அதை எடுத்துக்கொள் என்று பிரவுசரிடமே விட்டுவிடலாம். எஸ்ஆர்சி-செட் என்ற குறிப்பு அதற்குத்தான். போன் திரை 360 அகலம் என்று வலைப்பக்கம் நினைக்கும், உள்ளே அசலாக 1080 புள்ளி இருக்கும். 2010-ல் ஐபோன் 4 வந்ததிலிருந்து இந்த அடர்த்தித் திரைகள்தான் எங்கும். இந்த மூன்று மடங்கு வித்தியாசத்தை நாம் கணக்கிட்டுக்கொண்டிருக்க வேண்டாம், பிரவுசருக்குத் தெரியும். அது 1400-ஐ எடுத்துக்கொள்ளும். கூடவே, அறுபது படத்தையும் ஒரே நேரத்தில் இழுக்காமல், இப்போது தெரியும் படம், அடுத்து வரும் படம், இரண்டை மட்டும் வரவழைத்தால் போதும். அடுத்ததை முன்கூட்டியே வரவழைப்பதால் 5 விநாடி முழுதும் அதற்குக் கிடைக்கிறது.

அறுபது என்று ஏன் சொன்னேன் என்றால், இருநூறு படத்தை 5 விநாடிக்கு ஒன்றாக ஓட்டினால் 16 நிமிடத்துக்கு மேல் ஆகும். ஒரே தாலி கட்டும் காட்சி ஏழு கோணத்தில் இருந்தது. சிறந்த ஒன்றை வைத்துக்கொண்டு ஆறை எடுத்தேன். கடைசியில் அறுபது நின்றது. சரியாக 5 நிமிடம். மொத்த எடை 2 ஜிபியிலிருந்து 30 எம்பி ஆனது. லிங்க் அனுப்புவதற்கு முன் வீட்டு வைஃபையை அணைத்து, வீட்டிலிருப்பதிலேயே பழைய போனில், மொபைல் டேட்டாவில் ஒருமுறை முழுதாக ஓட்டிப் பார்த்தேன். ஒரு படம்கூடத் தேங்கவில்லை.

அடுத்த ஞாயிறு ஒட்டன்சத்திரத்தில் மறுபடி டிவியைப் போட்டோம். படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக முழுதாக வந்தன. நலங்கு வைக்கும் படம் வந்தபோது பாட்டி கையை நீட்டி, “இரு, இரு, நிறுத்து” என்றார். தன் அம்மாவின் அட்டிகை பேத்தி கழுத்தில் இருந்ததைப் பார்த்துவிட்டார். நல்ல வேளை, அந்த ஸ்லைடு ஷோவில் நிறுத்தும் பொத்தான் இருந்தது. மற்ற உள்ளடக்கத்தோடு சேர்ந்து தானாக ஓடத் தொடங்கி 5 விநாடிக்கு மேல் அசைகிற எதையும் நிறுத்த வழி இருக்க வேண்டும் என்று இணையத்தை எல்லோரும் பயன்படுத்துவதற்கான சர்வதேச நெறிமுறையிலேயே சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் தேர்ந்தெடுக்கும் செயலியில் அது இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு படத்தில் மட்டும் நாங்கள் பத்து நிமிடம் நின்றோம். பாட்டி அட்டிகையின் கல்லை எண்ணிக்காட்டினார். 2048 பிக்சலில் எல்லாக் கல்லும் தெரிந்தன.